முன் மோட்டார் விழிக்கும் வளைவு

பிப்ரவரி 3

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே என் இடது முழங்காலைத் தவிர எல்லோரும் நலம். உன் அண்ணி நலமாக இருப்பது தெரு முனை வரைக்கும் கேட்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? சிட்டுவுக்கு இருமல் விட்டதா?

மாப்பிள்ளை போய் எட்டு மாதம் கழித்து நீ எழுதிய முதல் கடிதம், அதுவும் கார் கேட்டு! அவர் பார்த்த வேலையையே நீயும் பார்க்கப் போகிறாய், சலவைக்கூடத்துப் படுக்கை விரிப்புகளை விடுதி விடுதியாகக் கொண்டுபோய்ப் போடப் போகிறாய் என்றால் நான் தடுக்கவில்லை. நான் தடுத்து நீ எப்போது நின்றாய்? போனில் பேசக் கூடாது, எழுதத்தான் வேண்டும் என்று கட்டளை வேறு. போனில் நான் சிரிக்க வைத்தே மழுப்பிவிடுவேனாம், எழுத்தில் மழுப்பினால் மாட்டிக்கொள்வேனாம். நான்கு வகுப்பு படித்தவனை இப்படியா சோதிப்பது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் பட்டறையில் அடிபட்ட மின்சாரக் கார்கள்தான் வரும். மூன்று செத்த வண்டியைப் பிரித்து இரண்டு உயிருள்ள வண்டி செய்வோம். உனக்கும் அப்படி ஒன்று செய்து தருகிறேன். ஒத்தை மோட்டாரா, இரட்டை மோட்டாரா என்று கேட்டிருந்தாய்.

ஒத்தை மோட்டார் வண்டியில் பின்னால் மட்டும் ஒன்று இருக்கும். அது காந்த மோட்டார். ஒரு சார்ஜில் நிறைய தூரம் ஓடும், கெட்டுப்போக ஆள் குறைவு. இரட்டை மோட்டார் வண்டியில் முன்னாலும் ஒன்று உண்டு. அதில் காந்தம் கிடையாது. கரண்ட் கொடுத்தால் மோட்டார், கொடுக்காவிட்டால் வெறும் இரும்பு. ஏற்றம், சேறு, வழுக்கல் என்று வந்தால் மட்டும் கன்ட்ரோல் பெட்டி அதை எழுப்பும். வேலை முடிந்ததும் தூங்கிவிடும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னைப் போல.

உன் வழியில் ஏற்றமும் இருக்கிறது, இறக்கமும் இருக்கிறது, கால்வாய் வளைவும் இருக்கிறது. அதனால் இரட்டை மோட்டார்தான் நல்லது. யோசித்து எழுது. சிட்டுவிடம் மாமா கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்

*

பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் இருவரும் நலம். சிட்டுவின் இருமல் போய்விட்டது, இப்போது கேள்விகள் வந்திருக்கின்றன. அண்ணிக்கு என் அன்பு. உன் முழங்காலுக்கும்.

இரட்டை மோட்டாரே அனுப்பு. அவருடையதும் அதுதானே. கை பழகிய வண்டி.

நேற்று சலவைக்கூடத்து அம்மாவைப் பார்த்தேன். வேலை தருவதாகச் சொன்னார். போகும்போது, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ராத்திரி நல்லா தூங்கிட்டு வா. உன் வீட்டுக்காரர் மாதிரி வண்டியில தூங்கிடாத" என்றார். துணி மடித்துக்கொண்டிருந்தவர்கள் குனிந்துகொண்டார்கள்.

அண்ணா, அவர் போனது பகல் பதினொரு மணிக்கு. முந்தின நாள் ராத்திரி எட்டு மணி நேரம் தூங்கினார், நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஆனால் விசாரணைத் தாளில் ஓட்டியவர் உறங்கியதால் என்று எழுதிவிட்டார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் அதே வழியில் ஓட்டப் போகிறேன். பதினொரு மணிக்கு அந்த வளைவில் என்ன இருக்கிறது என்று என் கண்ணால் பார்க்க வேண்டும். சிட்டு பள்ளிக்கூடத்தில் அந்தத் தாளைப் பற்றி ஒருத்தி சொல்லியிருக்கிறாள். சிட்டு வந்து என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

நீ போடும் மோட்டார்கள் புதியவையா, பழையவையா? யாருடைய வண்டியில் இருந்தவை? அதை மட்டும் எழுது.

தங்கச்சி

*

மார்ச் 14

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நான் வந்துவிடுவேன், பிறகு ஒரு மாதம் போக மாட்டேன்.

வண்டி தயார், வருகிற வாரம் லாரியில் ஏறுகிறது. சாம்பல் நிறம். ஒரு கதவு மட்டும் கொஞ்சம் வேறு சாம்பல், வெயிலில் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். உற்றுப் பார்க்காதே. பின் மோட்டார் ஒரு டாக்டரம்மா வண்டியில் இருந்தது, தினம் மருத்துவமனைக்குப் போய் வந்த மோட்டார், அதனால் உடம்புக்கு ஒன்றும் வராது. முன் மோட்டாரும் நல்ல குடும்பத்தில் இருந்து வந்ததுதான். அதையும் அதன் கன்ட்ரோல் பெட்டியையும் ஜோடி பிரிக்காமல் அப்படியே போட்டிருக்கிறேன். ஸ்டாண்டில் எட்டு நாள் ஓட்டிப் பார்த்தேன். பக்கத்தில் அதே மாதிரி வேறு இரண்டை வைத்து ஒப்பிட்டும் பார்த்தேன். மூன்றும் ஒரே குரல்.

உன் அண்ணி உனக்கு ஒரு போர்வை அனுப்புகிறாள். விரிப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவளுக்குப் போர்வை எதற்கு என்றேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நிதானமாக ஓட்டு.

அண்ணன்

*

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். வண்டி வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. நன்றாக ஓடுகிறது. கதவை உற்றுப் பார்த்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். சிரிக்காதே. மூன்றாவது விடுதியில் மூட்டைகளைப் போட்டுவிட்டு, கால்வாய்ப் பக்கம் இறங்குகிறேன் அல்லவா, அந்த நீள இறக்கத்தில் பெடலில் இருந்து காலை எடுத்துவிடுவேன். பின் மோட்டார் பிரேக் மாதிரி வண்டியைப் பின்னால் பிடித்து இழுத்துக்கொண்டே வரும். அமைதியாக இருக்கும். வளைவு வருவதற்கு முன்னால், என் காலுக்குக் கீழே ஒரு சத்தம் வருகிறது. தூங்கி எழுந்தவர் பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் சரிசெய்துகொள்வது போல. பிறகு ஒரு சின்ன உந்தல். நான் பெடலைத் தொடவே இல்லை. வளைவு தாண்டினால் ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை சிட்டு கூட வந்தாள். அவளிடம் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அந்த இடம் வந்ததும் ஜன்னலில் இருந்து தலையைத் திருப்பி, "அம்மா, முன்னாடி யாரோ முழிச்சுக்கிட்டாங்க" என்றாள்.

முன் மோட்டார் எந்தக் குடும்பம் என்று நீ எழுதவில்லை.

தங்கச்சி

*

ஏப்ரல் 11

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம், நலமே. நீ பயப்படும்படி ஒன்றும் இல்லை என்று முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன்.

பேய்க்கு வேறு வண்டியா கிடைக்கவில்லை? ஊரில் எத்தனை சொகுசுக் கார் ஓடுகிறது! அதையெல்லாம் விட்டு மூட்டை ஏற்றும் வண்டியில் வந்து, அதுவும் முன் பக்கம் மோட்டாருக்கு அடியில் மடங்கி உட்கார அதற்கு என்ன தலையெழுத்து? உன் கால் கனம் உனக்குத் தெரியவில்லை. சின்ன வயதில் நீ மாடியில் நடந்தால் கீழே அம்மா பாத்திரத்தை மூடுவாள்.

காந்தம் உள்ள மோட்டார் என்றால்கூட ஒரு பேச்சு. அதைக் கையால் சும்மா உருட்டினாலே விரலைப் பிடித்து இழுக்கும், விட்டதைப் பிடித்துவைத்திருக்கும். முன் மோட்டாருக்கு அதெல்லாம் கிடையாது. கரண்ட் நின்றால் அதற்கு எதுவும் நினைவிருக்காது. நீ கேட்பது கியர் ஆயில் சத்தமாக இருக்கும். இறக்கத்தில் முன் மோட்டார் விழிக்கிறது என்பது எல்லோரும் சொல்வதுதான். ஓட்டுகிறவர் அசதியில் இருந்தால் அப்படித் தோன்றும்.

ஒன்று செய். மற்ற இடங்களிலும் காலை எடுத்துப் பார். கேட்காது. பிறகு நீயே சிரிப்பாய்.

சிட்டுவிடம் சொல், மாமா வண்டிக்குள் யாரையும் வைத்து அனுப்பவில்லை என்று.

அண்ணன்

*

மே 4

அன்புள்ள அண்ணனுக்கு,

இருவரும் இருக்கிறோம்.

நீ சொன்னபடி செய்தேன். ஏழு இடங்களில் காலை எடுத்துப் பார்த்தேன். எங்கும் கேட்கவில்லை. வளைவில் மட்டும் கேட்கிறது, அதுவும் காலையில் முதல் தடவை இறங்கும்போது இல்லை. மூன்று விடுதி முடித்து, வண்டி நன்றாகச் சூடான பிறகுதான். புதன்கிழமை உந்தல் பலமாக இருந்தது. பிரேக்கை மிதித்துப் பிடித்தேன். வண்டியின் மூக்கு கால்வாய்ப் பக்கம் போய் நின்றது. பின் இருக்கையில் இருந்த வெள்ளை மூட்டை ஒன்று சரிந்து என் தோளில் சாய்ந்தது. கீழே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. மணி பதினொன்றே கால்.

ஞாயிற்றுக்கிழமை நான் வண்டியை எடுக்கவில்லை. நிழலில் நின்றது, சாவி அலமாரியில் இருந்தது. சிட்டு பந்தை எடுக்கப் போனவள் பானெட்டில் கன்னத்தை வைத்துக்கொண்டு நிற்கிறாள். "சூடா இருக்கும்மா" என்றாள். நானும் கையை வைத்தேன். முன் பக்கம் மட்டும் சூடு. வீட்டுக்குள் போய்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அதே மணி.

அப்போதுதான் பானெட்டைத் திறந்தேன். இதுவரை திறக்கத் தோன்றியதில்லை, உன் வேலை என்று விட்டிருந்தேன். பெட்டியில் இருந்து முன் மோட்டாருக்குப் போகும் தடித்த வயர் ஆடாமல் இருக்க ஒரு துணிக் கீற்றால் கட்டியிருக்கிறது. கிழிந்த விரிப்பின் ஓரம். சலவைக்கூடத்தின் சிவப்பு நூல் அடையாளம் அதில் இருக்கிறது. இரண்டு சுற்று சுற்றி, நுனியை உள்ளே சொருகிய முடிச்சு. சிட்டுவின் பள்ளிக்கூடப் பையில் அறுந்த வாரை அவர் அப்படித்தான் கட்டிக் கொடுத்தார். இன்றும் அவிழவில்லை.

அண்ணா, இது யாருடைய மோட்டார்? இறக்கத்தில் விழிக்கிறது என்று எல்லோரும் சொல்வதாக எழுதியிருக்கிறாயே, எல்லோரும் என்றால் யார்? உன்னிடம் யார் சொன்னார்கள்?

தங்கச்சி

*

ஜூன் 9

அண்ணா,

அங்கே எல்லோரும் நலம்தானே? ஐந்து வாரமாகப் பதில் இல்லை.

நான் இன்னும் அதே வண்டியைத்தான் ஓட்டுகிறேன். வளைவில் இப்போது பிரேக் மேலேயே காலை வைத்துக்கொள்கிறேன். சத்தம் வரும்போது, "சரி, தெரியுது, சொல்லுங்க" என்று சொல்வேன். வாய்விட்டுத்தான். சொன்னால் உந்தல் குறைவது போல இருக்கிறது. எனக்கே அப்படித் தோன்றுகிறதோ என்னவோ.

பள்ளிக்கூடத்தில் கூரை வேலை, அடுத்த வாரம் விடுமுறை விட்டிருக்கிறார்கள். சிட்டுவை வீட்டில் தனியாக விட முடியாது, தினமும் கூட வருவாள். மழையும் தொடங்கிவிட்டது.

நீ மழுப்பியாவது எழுது.

தங்கச்சி

*

ஜூன் 13

அன்புள்ள தங்கச்சிக்கு,

வண்டியை எடுக்காதே. முதலில் இதைப் படி, பிறகு மற்றது.

மூன்று தடவை போன் அடித்தேன், நீ எடுக்கவில்லை. சலவைக்கூடத்துக்கு அடித்து, உன்னை வண்டி எடுக்க விட வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். காரணத்தை அவர்களிடம் சொல்லவில்லை. அதை முதலில் கேட்க வேண்டியவள் நீ. இதை லாரிக்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன், நாளைக்கே வந்துவிடும்.

அது மாப்பிள்ளையின் மோட்டார்தான். அவர் வண்டி உடைக்கிற இடத்துக்குப் போகிறது என்று கேள்விப்பட்டு நானே போய் எடுத்துவந்தேன். வேறு யாரோ அதைப் பிரிப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வளைவில் சுழன்று பின்பக்கமாகக் கால்வாய்க்குள் விழுந்ததில் பின் பக்கம் நசுங்கியிருந்தது. முன் பக்கத்தில் ஒரு கீறல் இல்லை. அவருடையதில் இது ஒன்றாவது உன்னோடு ஓடட்டும் என்று நினைத்தேன். முடிச்சைப் பார்த்தேன், அவிழ்க்கக் கை வரவில்லை. உன்னிடம் சொல்லவும் வாய் வரவில்லை.

யார் சொன்னார்கள் என்று கேட்டாய். அவர்தான் சொன்னார். இரண்டு தடவை போனில். மூன்றாவது தடவை பட்டறைக்கே வந்து, என் ஆட்கள் எல்லோரும் இருக்கும்போது சொன்னார். "மச்சான், வளைவுல முன் மோட்டார் தானா முழிச்சுக்குது. ஒரு தடவை பாருங்க." நான் கையில் இருந்த ஸ்பானரைக்கூட வைக்கவில்லை. "அது முழிச்சா முழிச்சிட்டுப் போகுது மாப்பிள்ளை, நீங்க தூங்காம இருந்தா போதும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். உனக்குத் தெரியும், கல்யாணம் ஆன புதிதில் இரட்டை ஷிப்டு முடித்துவிட்டு நம் வீட்டுக்கு வந்தவர், கையில் டீ டம்ளரோடு நாற்காலியில் தூங்கிப்போனார். பதிமூன்று வருஷமாக அதை வைத்துத்தான் நான் அவரைக் கேலி பண்ணினேன். மாப்பிள்ளையைக் கேலி பண்ணாமல் வேறு யாரைப் பண்ணுவது என்று இருந்தேன். அவர் மெனக்கெட்டு வந்து சொன்னது எனக்குக் கேலிக்குப் பதில் கேலியாகத்தான் பட்டது. வண்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் அனுப்பிவைத்தேன். பதினாறு நாள் கழித்து அவர் இல்லை.

இன்னும் இருக்கிறது. விசாரணைக்காரர் என் பட்டறைக்கும் வந்தார். ஆள் எப்படி என்று கேட்டார். நான் அழுதுகொண்டிருந்தேன். அழுதுகொண்டே, "எங்க மாப்பிள்ளை உட்கார்ந்தா தூங்கிடுவார் சார்" என்றேன். வாய்ப் பழக்கம். அவரைப் பற்றிப் பேச என்னிடம் வேறு வார்த்தையே இல்லாமல் போயிருந்தது. விசாரணைக்காரர் குனிந்து எழுதிக்கொண்டார். சிட்டு பள்ளிக்கூடத்தில் கேட்டது என் வார்த்தை.

இந்த ஐந்து வாரம் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். சூடான பிறகுதான் என்று நீ எழுதியிருந்தாய். நான் எட்டு நாளும் ஆறிய மோட்டாரைத்தான் ஓட்டிப் பார்த்திருந்தேன். இந்தத் தடவை இரட்டை மோட்டார் வண்டிகள் நான்கைச் சேர்த்தேன். இரண்டு மாப்பிள்ளை வண்டி மாதிரி முதல் வருஷ மாடல், இரண்டு அடுத்த வருஷ மாடல். நான்கையும் ஸ்டாண்டில் ஏற்றி, மூன்று மணி நேரம் சூடேற்றி, இறக்கத்தில் வருவது போலப் பின் மோட்டாரை இழுக்க விட்டேன். அடுத்த வருஷ மாடல் இரண்டும் தூங்கின. முதல் வருஷ மாடல் இரண்டும் விழித்துக்கொண்டன. சூட்டில் அந்தப் பழைய பெட்டி, பின் சக்கரம் வழுக்குவதாகத் தப்பாக நினைத்து முன் மோட்டாரை எழுப்பிவிடுகிறது. எழுந்த மோட்டார் வண்டியைப் பிடித்து நிறுத்தாமல் முன்னால் தள்ளுகிறது. நீ சொன்ன அந்தத் தொண்டைச் சத்தத்தையும் கேட்டேன். என் ஆட்களும் கேட்டார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

ஞாயிறு அங்கே வருகிறேன். முன் மோட்டாரை நானே கழற்றுகிறேன். பிறகு விசாரணை அலுவலகத்துக்குப் போய், அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று என் வாயால் சொல்கிறேன். வீட்டுக்குள் விடுவதும் விடாததும் உன் இஷ்டம்.

அண்ணன்

*

ஜூலை 28

அண்ணனுக்கு,

நாங்கள் நலம். நீ ஊர் போய்ச் சேர்ந்த செய்தி லாரிக்காரர் சொன்னார். முழங்கால் எப்படி இருக்கிறது? அலுவலகப் படிகளில் நீ ஏறியதைப் பார்த்தேன்.

திருத்திய தாள் நேற்று வந்தது. உறங்கியதால் என்ற வார்த்தை இல்லை. முன் மோட்டார் தானாக இயங்கியதால் என்று இருக்கிறது. அந்த முதல் வருஷ மாடல் வண்டிகளையெல்லாம் திரும்ப அழைத்துப் பெட்டியை மாற்றச் சொல்லியிருப்பதாக அதோடு வந்த இன்னொரு தாள் சொல்கிறது. சலவைக்கூடத்து அம்மாவிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார், பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தார். சிட்டு தன் பள்ளிக்கூடப் பையில் ஒரு நகல் வைத்திருக்கிறாள். யாரிடமும் காட்டவில்லை. வைத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

வண்டி இப்போது ஒத்தை மோட்டார் வண்டியாகிவிட்டது. மூக்கு லேசாகிவிட்டது போல இருக்கிறது. வளைவில் சத்தம் இல்லை. அந்த இடம் வரும்போது நானும் சிட்டுவும் பேச்சை நிறுத்திவிடுகிறோம். ஒன்றும் வருவதில்லை. பயம் போய்விடும் என்று நினைத்தேன். இந்த அமைதிதான் பயமாக இருக்கிறது.

உன்மேல் எனக்கு ஆத்திரம் இருக்கிறது. எவ்வளவு என்று இன்னும் தெரியவில்லை, தெரியும்போது எழுதுகிறேன். அதுவரை ஒன்று கேட்கிறேன். நீ எடுத்துப்போன மோட்டாரை உருக்கப் போட்டுவிடாதே. முடிச்சை அவிழ்க்காதே. ஞாயிற்றுக்கிழமை அது ஏன் சூடாக இருந்தது என்று உன் கடிதத்தில் எங்கும் இல்லை. நீ நேரில் வந்தபோதும் அதை மட்டும் சொல்லவில்லை. தெரிந்தால் எழுது. தெரியாவிட்டால் அதையும் எழுது.

தங்கச்சி

*

ஆகஸ்ட் 10

அன்புள்ள தங்கச்சிக்கு,

முழங்காலைக் கேட்டாயே, அதுவே பெரிது. உன் அண்ணி நலம். நான் பேசாமல் இருப்பதால் வீட்டில் அவள் குரல் மட்டும் கேட்கிறது, அதனால் அவளும் குறைத்துக்கொண்டாள். உனக்கும் சிட்டுவுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும்.

தெரியவில்லை. சூடு ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. இருபத்தாறு வருஷமாக மோட்டார் பிரிக்கிறவன் எழுதுகிறேன், தெரியவில்லை.

உருக்கப் போடவில்லை. பட்டறையில் என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு கட்டை மேல் வைத்திருக்கிறேன். பெட்டியை விசாரணைக்காரர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். வயரின் ஒரு முனை காற்றில் நிற்கிறது. முடிச்சு அப்படியே இருக்கிறது. கரண்ட் இல்லை. காந்தமும் இல்லை. நான் உனக்கு எழுதியபடி பார்த்தால் அது வெறும் இரும்பு.

போன திங்கட்கிழமை கை துடைக்கத் துணி தேடும்போது தற்செயலாக அதன் மேல் கை பட்டது. எடுத்துவிட்டேன். பிறகு மறுபடி வைத்தேன். பட்டறைக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை, பார்த்தேன். என் ஆட்களில் ஒருவரைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அவர் தொட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, போய் வெளிக் கதவைச் சாத்தினார். அரை மணி நேரத்தில் ஆறிவிட்டது. செவ்வாயும் அப்படித்தான். புதனும்.

இப்போது பதினொரு மணிக்குக் கொஞ்சம் முன்னாலேயே எல்லா மெஷினையும் நிறுத்திவிடுகிறோம். யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கையில் இருக்கும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் உட்காருகிறேன்.

"சொல்லுங்க மாப்பிள்ளை" என்கிறேன்.

ஆறும் வரைக்கும் இருந்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.

அண்ணன்